மதுரைத் தொகுதிகளின் எல்லைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், வைகையின் வடகரையிலுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் ஞாயிறு ஆராதனை நடத்த நாம் சென்றிருந்தோம். அது தேர்தல் நெருங்கியிருந்த காலம். ஆராதனை முடிந்தபின் ஆலயத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஐயா, பிறந்த ஊரைவிட்டு நான் குடிபெயர்ந்ததே இல்லை. ஆனாலும் உங்கள் தொகுதி எது என்று யாராவது கேட்டால், அந்தந்தக் காலத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம். எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களைச் சுற்றிய கோடு மட்டும் இடம்மாறுவது எதனால்? கோட்டை வரைபவர் யார்? அது மாறும்போது யார் யாரோடு சேர்க்கப்படுகின்றனர், யார் யாரிடமிருந்து பிரிக்கப்படுகின்றனர்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, மதுரை நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் சட்டமன்றத் தொகுதிகளாகப் பகுக்கப்பட்ட வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். இது கட்சிகளின் வெற்றி தோல்விகளைப் பற்றிய கட்டுரையன்று. எல்லைகளைப் பற்றியது, எனவே அயலாரைப் பற்றியதுமாகும்.

1. தேர்தலுக்கு முந்திய எல்லைகள்

எல்லை என்பது மதுரைக்குப் புதிதன்று. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலை 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் இடிப்பித்தார். மதில் நின்ற இடத்தில் வெளிவீதிகள் தோன்றின. அகழி தூர்க்கப்பட்டது, அப்பணியோடு தொடர்புடையோரின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் வழங்குகின்றன. மதில் போயிற்றாயினும் உள்நகர், வெளிநகர் என்னும் உணர்வு உடனே போய்விடவில்லை.

நகருக்கு வெளியே எல்லைகள் வேறு வகையின. கிழக்கே மேலூர்ப் பக்கத்தில் வெள்ளலூர் நாடு போன்ற நாட்டுப் பிரிவுகள் உண்டு. மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறமலைக் கள்ளரின் எட்டு நாடுகள் உண்டு. இவற்றை எந்த அரசாணையும் வகுக்கவில்லை. கோயில் மரியாதையும் மணவுறவும் ஊர்க்கூட்டமுமே வகுத்தன. 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்றபின் மற்றோர் எல்லையும் எழுந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுக் கால்வாய் வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களை நனைத்துக் கள்ளந்திரி வழியே மேலூரை எட்டுகிறது. கள்ளந்திரி வரையிலான நிலம் இருபோகம். அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். ஒரே கால்வாயின் நீரை உண்போராயினும் தலைமடையானும் கடைமடையானும் உள்ளத்தால் வேறு வேறு நாட்டார் எனலாம்.

இவையனைத்தினும் சிறியதும் கடியதுமான எல்லை ஒன்று உண்டு. அது ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ளது. அதன் நீளம் சில நூறு அடிகளே. ஆனால் தேர்தல் தொகுதிகளின் வரலாற்றை ஆராயுங்கால், ஒவ்வொரு வரையறையையும் இவ்வெல்லையை அளவுகோலாகக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது நமது துணிபு. தொகுதிக் கோடு இந்த எல்லையின் மேலேயே சென்று அதனை உறுதிப்படுத்திற்றா, அன்றி அதனைக் குறுக்கே கடந்து இருபுறத்தாரையும் இணைத்ததா என்பதே கேள்வி.

2. சமூகவாரித் தொகுதிகள்

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. நாம் இன்று அறிந்த பொருளில் ஊரைச் சுற்றிய கோடாக மட்டும் தொகுதி அன்று அமையவில்லை. முகமதியர் அல்லாதார், முகமதியர், இந்தியக் கிறிஸ்தவர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், நிலக்கிழார், வணிகர் என மக்களைச் சுற்றியும் கோடு வரையப்பட்டது. இந்தியக் கிறிஸ்தவருக்கு 5 இடங்கள் தரப்பட்டன. முகமதியர் அல்லாதாருக்குரிய இடங்களுள் 28 பிராமணர் அல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோரோ நியமனத்தால் மட்டுமே அவைக்குள் நுழைய இயன்றது.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னைச் சட்டமன்றம் 215 இடங்களைக் கொண்டதாயிற்று. பொது இடங்கள் 116; அட்டவணைச் சாதியினருக்கு 30; முகமதியருக்கு 28; இந்தியக் கிறிஸ்தவருக்கு 8. எஞ்சியவை பிற பிரிவினருக்கு. அந்த 30 என்னும் எண்ணுக்குப் பின்னால் பெரும் போராட்டம் ஒன்று உண்டு. 1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதியும் சென்னையில் 18 இடங்களும் அளித்தது. காந்தியடிகள் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் கையொப்பமான பூனா ஒப்பந்தத்தின்படி தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது; சென்னையின் இடங்கள் 30 ஆயின. முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் நால்வரைத் தெரிந்தெடுப்பர். பின்னர் எல்லா வாக்காளரும் சேர்ந்து அந்நால்வருள் ஒருவரைத் தெரிந்தெடுப்பர். அண்ணல் அம்பேத்கர் இவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டாராயினும், பின்னாளில் அதனைக் கடுமையாகவே மதிப்பிட்டார். பொது வாக்காளரின் கையில் இறுதி முடிவு இருக்குமாயின், ஊருக்கு அடங்கியவரே சேரியின் பெயரால் அவைக்குச் செல்வர் என்பது அவர் அச்சம்.

கிறிஸ்தவருக்கும் இவ்விவாதத்தில் பங்கு உண்டு. 1930இல் இலண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற கே. டி. பால் தனி வாக்காளர் தொகுதியை விரும்பாதவர். இரண்டாம் மாநாட்டில் எஸ். கே. தத்தாவும் அவ்வழியே நின்றார். நீதிக்கட்சியைச் சார்ந்த ஏ. டி. பன்னீர்செல்வமோ தனித் தொகுதி வேண்டுமென்ற சிறுபான்மையோர் உடன்படிக்கையில் 1931இல் கையொப்பமிட்டார். முடிவில் தனித் தொகுதியே வந்தது. எட்டே இடங்கள், மாகாணமோ விசாகப்பட்டினம் முதல் திருநெல்வேலி வரையும், மேற்கே மலபார், தென்கன்னடம் வரையும் பரந்தது. ஆகவே ஒரு கிறிஸ்தவ உறுப்பினர் பல மாவட்டங்களுக்குப் பொறுப்பாளர். அவருக்கு வாக்களித்த கிறிஸ்தவனோ தன் அடுத்த வீட்டானோடு சேர்ந்து வாக்களிக்கவில்லை. நூறு கல் தொலைவிலிருந்த மற்றொரு கிறிஸ்தவனோடு சேர்ந்தே வாக்களித்தான். வாக்குரிமையும் வரி, சொத்து, கல்வி ஆகியவற்றைப் பொறுத்திருந்தமையால், சேரிச் சபைகளின் விசுவாசிகளுள் பெரும்பாலோர்க்கு அந்த உரிமையும் இல்லை. கிறிஸ்தவத் தொகுதி என்பது நடைமுறையில் படித்த, வசதியுள்ள கிறிஸ்தவரின் தொகுதியாயிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

1949 மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபை சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட முடிவு செய்தது. வங்காளத்து எச். சி. முகர்ஜி, சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா ஆகிய கிறிஸ்தவ உறுப்பினர் அதனை மனமுவந்து ஆதரித்தனர். சமயத்தைச் சுற்றிய கோடு அழிந்தது. அட்டவணைச் சாதியினருக்கான ஒதுக்கீடு மட்டும் நிலைத்தது.

3. இருவரைத் தெரிந்தெடுத்த தொகுதிகள்

வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றது. அப்போதைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. தொகுதிகளோ 309 மட்டுமே. காரணம், 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாயிருந்தமையே. ஆந்திரம் பிரிந்து, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் நடந்த 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 205 இடங்கள், 167 தொகுதிகள். அவற்றுள் 38 இரட்டைத் தொகுதிகள்.

இரட்டைத் தொகுதியின் முறை இளைய வாசகர்க்குப் புதிதாயிருக்கலாம். ஒரே நிலப்பரப்பு, ஒரே வாக்காளர் பட்டியல், ஆயின் இரண்டு இடங்கள். ஒன்று எவரும் பெறக்கூடியது. மற்றொன்று அட்டவணைச் சாதியினருக்கே உரியது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளித்தல் கூடாது. ஊரிலுள்ளவரும் சேரியிலுள்ளவரும் ஒரே சாவடியில் இரு வாக்குகளை அளித்து இருவரை அனுப்பினர். ஊர்–சேரி எல்லையைத் தேர்தற்கோடு முதன்முதலாக முழுமையாகக் கடந்தது இங்கேதான்.

இம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. தொகுதியின் பரப்பு இரட்டிப்பாயிற்று, செலவும் அவ்வாறே. ஒதுக்கிடத்து உறுப்பினர் பொது உறுப்பினரின் நிழலில் ஒதுங்கிவிடுவார் என்ற குறை ஒருபுறம். ஒதுக்கிடத்துக்குரிய வேட்பாளர் மிகுதியான வாக்குப்பெற்றுப் பொது இடத்தையும் எடுத்துக்கொள்வார் என்ற முறையீடு மறுபுறம். 1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர் இருவரே இரண்டு இடங்களையும் பெற, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி தோல்வியுற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959இல் நீதிமன்றம் அம்முடிவு முறையானதே என்று தீர்த்தது. ஈராண்டில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டைத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. தாழ்ந்தோர் எனப்பட்டவர் தமக்கென விட்ட இடத்தில் அமர்ந்தபோது நாடு பொறுத்தது. பொது இடத்திலும் அமர்ந்தபோது முறையையே மாற்றிற்று என்று கருத இடமுண்டு. நிருவாக வசதியும் ஒரு காரணமே. ஆயினும் முன்னதை மறந்துவிடலாகாது.

4. ஒரு மனிதர், நான்கு தொகுதிகள்

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர் பி. கக்கன். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த தாழ்த்தப்பட்டோருள் ஒருவர். அவர்தம் தேர்தல் வாழ்க்கையை நோக்கினால், மதுரைச் சமவெளியின் எல்லைகள் பதினைந்தாண்டுகளில் மாறிய மாற்றம் முழுவதும் அதற்குள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

1952இல் அவர் மதுரை நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அது இருவரைத் தெரிந்தெடுத்த தொகுதி. 1957இல் மேலூர்ச் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். அதுவும் இரட்டைத் தொகுதியே. காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறையை ஏற்றார். வைகை அணை கட்டி முடிந்த 1959ஆம் ஆண்டில் அத்துறை அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1962இல், இரட்டைத் தொகுதிகள் ஒழிந்தபின், சமயநல்லூர்த் தனித் தொகுதியிலிருந்து வந்தார். பின்னர் உள்துறை அமைச்சருமானார். 1967இல் மேலூரே வடக்கு, தெற்கு என இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. மேலூர் தெற்கில் நின்ற கக்கன், தி.மு.க.வின் ஓ. பி. இராமனிடம் தோல்வியுற்றார். நான்கு தேர்தல்கள், நான்கு தொகுதிகள். தும்பைப்பட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இவற்றுள் சமயநல்லூர் நம் கவனத்திற்குரியது. இரட்டைத் தொகுதியில் நிலவுடைமையாளர் ஒருவர் தம் குறையைப் பொது உறுப்பினரிடம் சொல்லிக்கொள்ளலாம்; ஒதுக்கிடத்து உறுப்பினரைத் தேடிச் செல்லவேண்டிய கட்டாயம் அவர்க்கு இல்லை. ஒற்றை உறுப்பினர் தனித் தொகுதியிலோ அத்தகைய மாற்று வழி இல்லை. கால்வாயில் தண்ணீர் வரவில்லையென்றாலும், பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமென்றாலும் எல்லாச் சாதியாரும் செல்ல வேண்டிய வாயில் ஒன்றே. இரட்டைத் தொகுதியை ஒழித்தவர் எதை எண்ணி ஒழித்தாரோ நாமறியோம்; ஆயினும் விளைந்த பயன்களுள் இதுவும் ஒன்று. தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதி என்ற நிலைமாறி, தாழ்த்தப்பட்டோருள் ஒருவர் அனைவருக்கும் பிரதிநிதியானார்.

5. உறைந்த கணக்கும் வளர்ந்த நகரும்

1967ஆம் ஆண்டு வரையறையில் தமிழகச் சட்டமன்ற இடங்கள் 234 ஆயின. மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. சட்டமன்றத்தின் 234 என்ற எண் அதன்பின் மாறவில்லை. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்மேல் அமைந்த வரையறை 1976இல் வெளிவந்தது. அதே ஆண்டில் 42ஆம் அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களுக்குரிய இடங்களின் எண்ணிக்கையை 2001 வரை உறையச் செய்தது. குடும்பநலத் திட்டத்தை ஊன்றி நடத்திய மாநிலங்கள் அதன்பொருட்டே இடம் இழத்தல் கூடாது என்பது கருத்து. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அவ்வுறைவை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

1977ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை எல்லாச் சட்டமன்றப் பொதுத்தேர்தல்களும் 1976ஆம் ஆண்டுக் கோடுகளின்மேலேயே நடந்தன. அக்காலத்தில் மதுரை நகரத்தின் பெயர் தாங்கிய தொகுதிகள் மூன்று: கிழக்கு, மத்தி, மேற்கு. 1980இல் மேற்கிலிருந்து எம். ஜி. இராமச்சந்திரனும் கிழக்கிலிருந்து மார்க்சியக் கட்சியின் என். சங்கரய்யாவும் அவைக்குச் சென்றனர். அதே சங்கரய்யா 1967இல் மேற்கிலிருந்து சென்றவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

கோடு உறைந்திருந்தது, நகரம் உறைந்திருக்கவில்லை. 1971இல் மாநகராட்சியாக உயர்ந்த மதுரையின் மக்கள்தொகை அன்று ஏறத்தாழ ஐந்தரை இலட்சம். 2001இல் ஒன்பது இலட்சத்தைத் தாண்டிற்று. கண்மாய்களும் வயல்களும் குடியிருப்புகளாயின. மாவட்டமும் சுருங்கிற்று: 1985இல் திண்டுக்கல்லும் 1996இல் தேனியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. தமிழகத்தின் மொத்த மக்கள்தொகையை 234ஆல் வகுத்தால், 1971 கணக்கின்படி தொகுதி ஒன்றுக்குச் சராசரி 1,76,000 பேர். 2001 கணக்கின்படி 2,67,000 பேர். சராசரி உயர்ந்தது மட்டுமன்று. நகரத்தை ஒட்டிய தொகுதிகள் பருத்தன, வானம் பார்த்த பூமியிலிருந்த தொகுதிகள் மெலிந்தன. ஒரு தொகுதியின் வாக்கு மற்றொரு தொகுதியின் வாக்கினும் எடை குறைந்ததாயிற்று.

6. 2008ஆம் ஆண்டு வரையறை

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி வரையறை ஆணையம் அமைந்தது. 2003ஆம் ஆண்டின் 87ஆம் திருத்தம் 2001ஆம் ஆண்டுக் கணக்கையே அடிப்படையாகக் கொள்ளச் செய்தது. மாநிலத்தின் மொத்த இடங்களைக் கூட்டவோ குறைக்கவோ ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. உள்ளே உள்ள கோடுகளை மாற்றியமைக்கவே அதிகாரம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் இணை உறுப்பினராக இருந்து கருத்துரைப்பர். ஆயின் அவர்க்கு வாக்கு இல்லை. வரைவு வெளியிடப்பெறும், மறுப்புரைகள் கேட்கப்பெறும், பொது அமர்வு நடைபெறும். இறுதி ஆணை வந்தபின் அதனை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்பது அச்சட்டத்தின் விதி.

மதுரை மாவட்டத்துக்கு முன்னரும் 10 தொகுதிகள், பின்னரும் 10 தொகுதிகள். எண் மாறவில்லை, ஆனால் பெயர்ப்பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். சமயநல்லூரும் சேடபட்டியும் மறைந்தன. மதுரை வடக்கும் மதுரை தெற்கும் தோன்றின. இவ்விரு பெயர்களும் முற்றிலும் புதியனவல்ல. 1952இல் மதுரை வடக்கு என்ற தொகுதியிலிருந்தே பொதுவுடைமைக் கட்சியின் பி. இராமமூர்த்தி வென்றார். அரை நூற்றாண்டு மறைந்திருந்த பெயர்கள் மீண்டும் உயிர்பெற்றன. மறைந்தவை இரண்டும் நாட்டுப்புறத் தொகுதிகள். வந்தவை இரண்டும் நகரத் தொகுதிகள். கணக்கின்படி இது நேர்மையே. ஆயினும் சட்டமன்றத்தில் கிராமங்களுக்காகப் பேசிய இரு குரல்கள் நகரத்தின் குரல்களாயின என்பதும் உண்மையே.

சமயநல்லூரின் ஊர்கள் அண்டைத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதுவரை பொதுத் தொகுதியாயிருந்த சோழவந்தான் தனித் தொகுதியாயிற்று. அட்டவணைச் சாதியினரின் விகிதம் மிகுந்த இடங்களில் தனித் தொகுதி அமைய வேண்டும். அதே வேளையில் அவை மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்கவும் வேண்டும் என்பது சட்டம். மாநிலம் முழுவதிலும் அட்டவணைச் சாதியினரின் தனித் தொகுதிகள் 42இலிருந்து 44 ஆயின. தொகுதி தனித் தொகுதியானால் 'எங்கள் முறை போயிற்று' என்று ஊர்ப் பெரியோர் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். பொதுத் தொகுதியில் வேற்றூரார் நின்றால் அவ்வாறு பேசுவாரில்லை. இச்சொல்லில் மறைந்துள்ள பொருளைப் போதகர்கள் எளிதில் உணர்வர்.

நாடாளுமன்றக் கோடுகளில் விளைந்த மாற்றம் இன்னும் வியப்பானது. மதுரை மக்களவைத் தொகுதி மேலூரையும் கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகியவற்றையும் கொண்டதாயிற்று. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு சேர்க்கப்பட்டன. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரோடு சேர்க்கப்பட்டன. 2011இல் மதுரை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது திருப்பரங்குன்றம் நகரமும் அதனுள் அடங்கிற்று. ஆகவே அவ்வூரார் மாநகராட்சிக்கு மதுரையார், மக்களவைக்கோ விருதுநகரார். மற்றொன்றும் உண்டு. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் பழைய எல்லையில் நடந்தது; அதே ஆண்டு மே மாதத்தில் மக்களவைத் தேர்தல் புதிய எல்லையில் நடந்தது. சட்டமன்றத்திற்குப் புதிய கோடு 2011இல்தான் வந்தது. இடைப்பட்ட ஈராண்டுகள் மதுரைச் சமவெளியின் மக்கள் ஒரே சமயத்தில் இரு வரைபடங்களில் வாழ்ந்தனர்.

7. சேரிக்குள் ஒரு கோடு

இதுகாறும் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லையைத் தேர்தற்கோடு எவ்வாறு கடந்தது எனக் கண்டோம். இனி, சேரியின் உள்ளேயே சட்டம் வரைந்த மற்றொரு கோட்டைக் காண்போம்.

1936ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்று கூறிற்று. அன்று கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி இருந்தமையால் அதற்கு ஒருவகைக் காரணம் சொல்ல இயலும். 1949இல் அத்தொகுதி ஒழிந்தது. ஆயினும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராதவர் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்றே விதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராயிருந்த ஆதிதிராவிடத் தொழிலாளி ஒருவர் தொடுத்த சூசை வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் அளிக்க மறுத்தது. தமிழக அரசு இத்தகைய கிறிஸ்தவரைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. ஆனால் அது தனித் தொகுதியில் நிற்கும் உரிமையைத் தருவதன்று.

இதனால் விளைவது யாது? சோழவந்தான் தனித் தொகுதியிலுள்ள ஒரு சேரியை எண்ணிப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே குலம், உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் அம்மன் கோயிலுக்குச் செல்பவர். இளையவர் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். ஊரார் இருவரையும் ஒரே கண்ணோடு நோக்குகின்றனர். தனித் தொகுதியில் இருவரும் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்பதற்கோ மூத்தவர்க்கு மட்டுமே உரிமை. தொகுதியின் எல்லைக்குள்ளேயே இளையவர்மீது வேறோர் எல்லை விழுந்துவிடுகிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் நாம் எழுதும் ஒரு வரி, ஒருவரின் பிரதிநிதித்துவ உரிமையை நீக்கும் வரியாகவும் ஆகின்றது. இதனை அறிந்தே நம் மக்கள் பலர் இரண்டு பெயர்களோடு வாழ்கின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கு முன், கிறிஸ்தவத் தொகுதி இருந்த காலத்தில் அவர்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே விட்டது யார் என்று நம்மை நாமே வினவுதல் நன்று.

8. கோட்டால் இயலாதது

கோடு எவ்வளவு நேர்மையாக வரையப்பட்டாலும் அது தானே அயலாரை உறவினர் ஆக்கிவிடாது. இதற்கு மதுரைச் சமவெளியே சான்று. 1996இல் உள்ளாட்சித் தேர்தல்களில் ஊராட்சித் தலைவர் பதவிகள் சில அட்டவணைச் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. மேலூர் வட்டத்து மேலவளவு அவற்றுள் ஒன்று. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தில் ஊர் திரும்புகையில் கொல்லப்பட்டனர். கக்கனை 1957இல் அவைக்கு அனுப்பிய மேலூரில், நாற்பதாண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் ஒதுக்கிடத் தலைவர் ஒருவரும் நிலையாகப் பதவியில் இருக்க இயலவில்லை; 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தேறியது.

சட்டமன்றத் தொகுதி பெரியது. அதன் உறுப்பினர் சென்னையில் அமர்கிறார். ஊராட்சித் தலைவரோ ஊர் நடுவேயுள்ள அலுவலகத்தில், அந்த நாற்காலியில் அமர்கிறார். தொலைவில் பொறுத்துக்கொள்ளப்பட்டது அண்மையில் பொறுத்துக்கொள்ளப்படவில்லை. எல்லை சிறுகச் சிறுக எதிர்ப்புக் கடுமையாயிற்று. ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள அந்தச் சில நூறு அடிகளே கடக்க அரிய தொலைவு என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

1920 முதல் நாம் கண்ட வரலாற்றைச் சுருங்கக் கூறின், முதலில் மக்களைச் சுற்றிக் கோடு வரைந்தோம். பின்னர் நிலத்தைச் சுற்றி வரைந்தோம். முதல் முறையில் தம்மைப் போன்றாரோடு மட்டும் சேர்ந்து வாக்களித்தனர். இரண்டாம் முறையில் தம்மைப் போலாதாரோடும் சேர்ந்து வாக்களிக்கக் கற்றனர். இரண்டாவதே உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அது தானாக நிலைப்பதன்று. அடுத்த வரையறை வரும்போது எந்தச் சேரி எந்த ஊரோடு சேர்க்கப்படுகிறது, எந்தக் கடைமடை எந்தத் தலைமடையோடு சேர்க்கப்படுகிறது என்பதை உற்றுநோக்குவோர் தேவை. வரைவு வெளியாகி, மறுப்புரை கேட்கப்படும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் அதனை வாசித்து, தம் சபையாருக்கும் ஊராருக்கும் விளக்கி, பொது அமர்வில் எழுந்து பேசுதல் போதகர்க்கும் ஆசிரியர்க்கும் புறம்பான பணியன்று.

அன்று திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அவர் தொகுதியின் பெயர் இனியும் மாறலாம். அவர் தம் வாழ்நாளில் பலருக்கு வாக்களித்தார்; தனித் தொகுதியில் அவர் மகன் நிற்க விரும்பினால், அவர் ஞாயிறுதோறும் வந்தமர்ந்த அத்திண்ணையே அதற்குத் தடையாகும். வரைபடத்திலுள்ள கோடுகளை ஆணையங்கள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் திண்ணையின் ஓரத்தில் விழுந்துள்ள கோட்டை மட்டும் இதுவரை எந்த ஆணையமும் தொடவில்லை.